சீனியர் போர்ட்ரெய்ட் எடுக்க எப்போது நாள் குறிக்கலாம்?

அமெரிக்காவில் பிள்ளை 11ஆம் வகுப்பை முடிக்கும் தறுவாயில், மே மாத வாக்கில், வீட்டுக்கு ஒரு தபால் வரும். பளபளப்பான அட்டை, கறுப்பு உடையில் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம், கீழே இணைய முகவரியும் ஒரு குறியீட்டு எண்ணும். பீட்சா கூப்பன்களோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டுவிடும் வீடுகள் நிறைய. அது விளம்பரம் இல்லை. பள்ளியோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் ஸ்டூடியோ, 12ஆம் வகுப்புக்குப் போகப்போகும் உங்கள் பிள்ளைக்குப் படமெடுக்க நாள் குறித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கும் அழைப்பு. இப்போது பல இடங்களில் தபால்கூட வருவதில்லை, பிள்ளையின் பள்ளி மின்னஞ்சலுக்குப் போகிறது. அவன் அதைத் திறந்து பார்ப்பான் என்று நம்பி இருந்தால் அவ்வளவுதான்.

நம்மூரில் பன்னிரண்டாவது முடிக்கும்போது பள்ளி வராந்தாவில் பெஞ்சு போட்டு ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள், விஷயம் முடிந்தது. இங்கே 12ஆம் வகுப்பில் படிக்கும் ஒவ்வொருவருக்கும், அதாவது ஒவ்வொரு சீனியருக்கும், தனியாக எடுக்கிறார்கள். அதுதான் சீனியர் போர்ட்ரெய்ட். அந்தப் படம் இயர்புக் என்னும் பள்ளி ஆண்டு மலரில் போகும், பட்டமளிப்பு அறிவிப்பு அட்டையில் போகும், கிராஜுவேஷன் பார்ட்டியில் ஹால் வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கும், கடைசியில் ஊரில் தாத்தா வீட்டுச் சுவருக்கு வந்து சேரும். முதல் பிள்ளைக்கு நாள் குறிக்கும்போது எல்லாப் பெற்றோரும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால், “ஃபால் கலர் வரட்டும், இலையுதிர் காலத்தில் இலை நிறம் மாறட்டும், அப்போது எடுத்தால் அழகாக இருக்கும்” என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படம் யாரிடம் எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது முதலில், பிள்ளையின் வேலைப்பளு அடுத்து, இலையும் வெயிலும் அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையில் யோசித்தால் நாள் தானாகவே அமைந்துவிடும்.

முதல் படி: எடுக்கவேண்டியது இரண்டு படம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பள்ளியின் ஸ்டூடியோ எடுப்பது இயர்புக்குக்கான படம். லைஃப்டச் போன்ற பெரிய நிறுவனமாக இருக்கலாம், உள்ளூர் ஸ்டூடியோவாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே பின்னணி, ஒரே மாதிரி உடை, நெஞ்சுக்கு மேல் மட்டும். பெண்களுக்கு ட்ரேப், பையன்களுக்கு டக்சீடோ என்பது பல பள்ளிகளில் இன்னும் வழக்கம்.

இந்த ட்ரேப்பை முதல் தடவை பார்க்கும் அம்மாக்கள் கொஞ்சம் திகைப்பார்கள். கறுப்பு வெல்வெட் துணி. தோள்பட்டை தெரியும்படி மார்புக்கு மேல் சுற்றி முதுகுப்பக்கம் இழுத்துக் கிளிப் போட்டுவிடுவார்கள். தோளில் மாட்டும் பட்டி இல்லாத, அல்லது பட்டியைக் கீழே இறக்கிவிடக்கூடிய பனியனை உள்ளே போட்டுக்கொண்டு போவது வசதி. பையன்கள் பாடு இன்னும் வேடிக்கை. பல ஸ்டூடியோக்களில் டக்சீடோ என்பது வெறும் முன்பக்கம்தான், பின்னால் வெல்க்ரோ. கீழே கூடைப்பந்து ஷார்ட்ஸோடு நிற்பான், படத்தில் மாப்பிள்ளை. தோள் தெரிவது உங்களுக்கோ மகளுக்கோ பிடிக்கவில்லை என்றால் இயர்புக் பொறுப்பாசிரியருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மாற்று உடைக்குச் சம்மதிக்கும் பள்ளிகள் பல உண்டு. படமெடுக்கும் அன்று வரிசையில் நின்றுகொண்டு கேட்டால், அங்கே கேமரா பிடிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ஸ்டூடியோ வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இயர்புக் போஸ் மட்டும் என்றால் சில பள்ளிகளில் காசே இல்லை. கூடுதல் உடை, கூடுதல் போஸ் வேண்டுமென்றால் சிட்டிங் ஃபீ, அதாவது படமெடுக்கத் தனிக் கட்டணம், கேட்பார்கள். பிரிண்ட் வாங்குவது உங்கள் இஷ்டம். ஒரு பிரிண்ட்கூட வாங்காவிட்டாலும் படம் இயர்புக்கில் வரும். விலைப்பட்டியலைப் பார்த்துப் பயந்துபோய் படமே எடுக்காமல் விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது, நீங்களாக ஒரு புகைப்படக்காரரைப் பிடித்து, பூங்காவிலோ கடற்கரையிலோ ஊரின் பழைய கடைத்தெருவிலோ எடுப்பது. இது முழுக்க விருப்பம் சார்ந்தது. செய்தே ஆகவேண்டும் என்று எந்தப் பள்ளியும் சொல்லாது. செலவு சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகும். சில பள்ளிகள் இந்த வெளிப்படத்தையே இயர்புக்குக்கு ஏற்றுக்கொள்கின்றன. அப்படியானால் நெட்டுவாக்கில் எடுத்த படமா, பின்னணி எப்படி இருக்க வேண்டும், கோப்பின் அளவு என்ன என்று ஒரு பக்க விதிமுறை இருக்கும்; அதைக் கையில் வாங்கிப் புகைப்படக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பல பள்ளிகள் ஒப்பந்த ஸ்டூடியோ படத்தைத் தவிர வேறு எதையும் தொடமாட்டா. உங்கள் பள்ளி எந்த ரகம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற எல்லாம்.

இரண்டாம் படி: கெடுவிலிருந்து பின்னால் எண்ணுங்கள்

இயர்புக் வருவதென்னவோ மே மாதம்தான். ஆனால் படத்தை ஏன் அக்டோபரிலேயே கேட்கிறார்கள்? புத்தகம் முழுவதும் ஒரே நாளில் அச்சுக்குப் போவதில்லை. 16 பக்க ஃபாரம் ஃபாரமாக, அச்சகம் கொடுத்த தேதிப்படி பள்ளி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விளையாட்டு, நாடகம், பிராம் என்னும் பள்ளி நடன விருந்து பற்றிய பக்கங்கள் அவை நடந்த பிறகுதான் தயாராகும். முன்கூட்டியே முடித்து அனுப்பக்கூடியது சீனியர்களின் முகங்கள் உள்ள பகுதி. அதனால் பல பள்ளிகளில் முதல் கெடு அதற்குத்தான் விழுகிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். புத்தகத்தை அடுத்த ஆகஸ்டில் கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. அங்கே நெருக்கடி கொஞ்சம் குறைவு.

கெடு தவறினால் என்ன ஆகும்? பெயர் மட்டும் அந்தப் பகுதியின் கடைசியில், படம் இல்லாதவர்கள் பட்டியலில் வரும். அச்சானபின் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, கணக்கைப் பார்ப்போம். வெளிப்படத்தையே ஏற்கும் பள்ளி, கெடு அக்டோபர் 15 என்று வைத்துக்கொள்வோம். புகைப்படக்காரர் படங்களைச் சீர்செய்து கொடுக்க மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்வார். வந்த படங்களில் எது என்று வீட்டில் முடிவாக ஒரு வாரம். அம்மாவுக்குப் பிடித்தது மகளுக்குப் பிடிக்காது, இது எழுதி வைத்த விதி. மழை வந்தால் மாற்று நாளுக்கு இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும். ஆக ஆகஸ்ட் கடைசி வாரமே படம் எடுத்தாக வேண்டும். நல்ல புகைப்படக்காரர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே நிரம்பிவிடுவார்கள் என்பதால், அவரைப் பிடிக்க வேண்டியது ஜூன் தொடக்கத்தில். அக்டோபரில் கேட்கும் படத்துக்கு ஜூனிலா என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் அதுதான் வருகிறது.

ஒப்பந்த ஸ்டூடியோ என்றால் இவ்வளவு தேவையில்லை, ஏனென்றால் படத்தை அவர்களே பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அங்கேயும் போஸ் தேர்வு செய்ய ஒரு கெடு உண்டு. ப்ரூஃப் படங்களுக்கான, அதாவது தேர்ந்தெடுப்பதற்கான மாதிரிப் படங்களுக்கான இணைப்பு வரும். குறித்த தேதிக்குள் நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் அவர்களே ஒன்றை எடுத்துப் போட்டுவிடுவார்கள். பாதிக் கண் மூடிய படம் போகாது என்று நம்பலாம், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை.

இன்னொரு கெடுவும் இருக்கிறது, பலருக்கு அது கடைசி நிமிடத்தில்தான் தெரியவரும். இயர்புக்கின் பின்பகுதியில் பெற்றோர் காசு கொடுத்து வாழ்த்துப் பக்கம் போடலாம். கால் பக்கம், அரைப் பக்கம் என்று விலை வைத்திருப்பார்கள். குழந்தைப் படம் ஒன்று, இப்போதைய படம் ஒன்று, இரண்டு வரி வாழ்த்து. இதன் தேதியும் இலையுதிர் காலத்திலோ குளிர்காலத் தொடக்கத்திலோ முடிந்துவிடும். சீக்கிரம் வாங்கினால் விலை குறைவு என்றும் வைத்திருப்பார்கள். குழந்தைப் படம் ஊரில் ஆல்பத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், கோடையில் போகும்போதே ஸ்கேன் செய்துகொண்டு வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பிள்ளையின் நாட்காட்டியோடு ஒத்துப் பாருங்கள்

12ஆம் வகுப்பின் முதல் பாதிதான் கழுத்தைப் பிடிக்கும். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளம் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கிறது. கல்லூரிகளுக்கு முன்கூட்டியே அனுப்பும் எர்லி டிசிஷன், எர்லி ஆக்‌ஷன் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு நவம்பர் 1 அல்லது 15 கடைசி. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக விண்ணப்பங்கள் நவம்பர் முடிவை ஒட்டி. நடுவே ஆகஸ்டிலும் அக்டோபரிலும் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு. அது சனிக்கிழமை காலையில் வரும். கட்டுரை எழுதித் திருத்திக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதும் பிள்ளையை அக்டோபர் 25 மாலை மேப்பிள் மரத்தடியில் நிற்கவைத்துச் சிரி என்றால், எப்படிச் சிரிக்கும்? இலை அழகாக இருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டாமா?

அப்புறம் விளையாட்டும் இசையும். கால்பந்து, கிராஸ் கன்ட்ரி, பெண்கள் வாலிபால் எல்லாம் ஆகஸ்ட் தொடங்கி நவம்பர் வரை. மார்ச்சிங் பேண்டில் இருந்தால் கோடையின் கடைசி வாரங்களில் பேண்ட் கேம்ப் உண்டு. வெயிலில் நாள் முழுக்க நின்று, கழுத்திலும் சாக்ஸ் மேல்விளிம்பிலும் கோடு போட்ட மாதிரி கறுத்து வருவார்கள். தோள் தெரியும் உடையில் படமெடுக்கப் போகும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம். கேம்ப்புக்கு முன் எடுங்கள், அல்லது நிறம் கலந்து வர ஒரு மாதம் விடுங்கள். பள்ளியின் எழுத்தைத் தைத்த லெட்டர் ஜாக்கெட்டோடு படம் வேண்டும் என்றால் அதை ஆர்டர் செய்து வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வசந்தத்திலேயே சொல்லி வையுங்கள்.

இனி நம் வீடுகளுக்கே உரிய சில. ஜூன், ஜூலையில் ஊருக்குப் போவோம். போகிற குடும்பங்கள் ஒப்பந்த ஸ்டூடியோவின் கோடை நாட்களை அப்படியே தவறவிட்டுவிடுகின்றன. பள்ளி திறந்தபின் பள்ளிக்கே வந்து எடுக்கும் நாள் ஒன்றிரண்டுதான் இருக்கும். டிக்கெட் போடுவதற்கு முன் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். பட்டுப் பாவாடை, புடவை, வேட்டி சட்டை என்று ஒரு செட் வெளிப்படத்தில் வேண்டுமென்றால் ஊரில்தான் பிளவுஸ் தைப்போம். அப்போது ஊருக்குப் போய்வந்த பின்னால் நாள் குறிப்பதே சரி. பழனிக்கோ திருப்பதிக்கோ நேர்த்திக்கடன் பாக்கி இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ அரை அங்குலம் வளரும். ஜூலை நடுவில் மொட்டை என்றால் செப்டம்பர் நடுவில் ஓர் அங்குலம். முருகன் ஒரு வருஷம் காத்திருப்பார், இயர்புக் காத்திருக்காது.

அரங்கேற்றம் இங்கே பெரும்பாலும் கோடையில்தான் நடக்கிறது, அதுவும் பதினொன்றாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில் வைப்பவர்கள் அதிகம். அதற்கு எப்படியும் நல்ல புகைப்படக்காரர் வருவார். அவரிடமே சீனியர் படமும் எடுக்க முடியுமா என்று கேட்கலாம், ஆனால் ஒரே வாரத்தில் வேண்டாம். அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் பிள்ளைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பிந்தைய வாரம் கையில் மருதாணி அரைகுறையாக ஆரஞ்சு நிறத்தில் தேய்ந்திருக்கும், நெற்றியில் நெற்றிச்சுட்டி ஒட்டிய இடம் சிவந்திருக்கும். மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

தாத்தா பாட்டி விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள் என்றால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் கிடையாது. அவர்கள் கிளம்புவதற்குள் நாள் வையுங்கள். சீனியர் படம் முடிந்தபின் கடைசிப் பத்து நிமிடத்தில் குடும்பப் படம் ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று முன்பே கேட்டுவையுங்கள். பெரும்பாலோர் சரி என்பார்கள், சிலர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள்.

நான்காம் படி: நீங்கள் இருக்கும் ஊரின் பருவம்

இப்போதுதான் இலையும் வெயிலும். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் வேறு ஊரில் இருக்கும் சித்தப்பா மகள் சொன்ன மாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட் பக்கம் பள்ளி ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ திறக்கும். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை வெளிப்படத்துக்கு அருமையான காலம்: புழுக்கம் குறைந்துகொண்டு வரும், மரம் பச்சையாக இருக்கும், வீட்டுப்பாடம் இன்னும் குவிந்திருக்காது. இலை நிறம் மாறி உச்சத்துக்கு வருவது அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம். அதாவது எர்லி விண்ணப்பக் கெடுவின் மடியிலேயே. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மினசோட்டாவின் வடபகுதி என்றால் செப்டம்பர் கடைசியிலேயே நிறம் வந்துவிடும். அங்கே ஃபால் கலர் ஆசை நடைமுறைக்கு ஒத்துவரும்.

டெக்சாஸில் கதை வேறு. பள்ளி ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் டாலஸில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சர்வசாதாரணம். மாலை ஏழு மணிக்கும் நெற்றி வியர்த்து மேக்கப் வழியும். ஒப்பந்த ஸ்டூடியோ படத்தை ஏசி அறையில் ஜூனில் முடித்துவிட்டு, வெளிப்படத்தை அக்டோபருக்குத் தள்ளுவது அங்கே புத்திசாலித்தனம். அல்லது சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்தில் எடுக்கலாம், பதினேழு வயதுப் பிள்ளையை விடுமுறையில் அந்நேரம் எழுப்ப முடிந்தால். புளூபானட் பூக்களுக்கு நடுவே எடுக்கும் வழக்கமும் டெக்சாஸில் உண்டு. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை பூக்கும். இயர்புக்குக்கு உதவாது, அறிவிப்பு அட்டைக்கு உதவும். பூவுக்குள் உட்காருமுன் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஃபீனிக்ஸில் கோடையில் வெளியே எடுப்பதை மறந்துவிடலாம். அக்டோபர் நடுவுக்குப் பின்தான். சியாட்டில் நேர்மாறு: ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் வானம் தெளிவு, அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும். ஃபுளோரிடாவில் கோடை மாலைகளில் இடியோடு மழை வழக்கம், புயல் பருவமும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. காலையில் எடுப்பது நல்லது. சான் பிரான்சிஸ்கோ கடற்கரைப் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மூடுபனி. செப்டம்பர், அக்டோபரில்தான் வெயில். ஆனால் அதே மாதங்களில் காட்டுத்தீப் புகையும் வரலாம். 2020 செப்டம்பர் 9 அன்று பே ஏரியாவில் பகலிலேயே வானம் ஆரஞ்சு நிறத்தில் இருண்டது. கிழக்குக்கரை தப்பித்தது என்றும் சொல்ல முடியாது: 2023 ஜூன் முதல் வாரத்தில் கனடாத் தீயின் புகை நியூயார்க்கை மூடியது. இதனால்தான் மாற்று நாளுக்கு ஓரிரு வாரம் விடச் சொன்னேன். மழைக்கு மட்டும் அல்ல அது.

ஐந்தாம் படி: நாளில் எந்த நேரம்

வெளிப்படக்காரர்கள் எல்லோரும் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத்தான் கேட்பார்கள். வெளிச்சம் சாய்வாக, மென்மையாக விழும். கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை, மூக்குக்குக் கீழே நிழல் விழாது. மதியம் ஒரு மணிக்கு எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும், நம் மாநிறத் தோலில் எண்ணெய் வழிந்த மாதிரி பளபளப்பு வேறு.

நியூயார்க் பக்கம் ஜூன் கடைசியில் எட்டரை மணிக்குச் சூரியன் மறைகிறது. செப்டம்பர் 20 வாக்கில் ஏழுக்குச் சற்று முன். அக்டோபர் 20இல் ஆறு மணியை ஒட்டி. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்த மறுநாள், ஐந்துக்கு முன்பே. பள்ளி மூன்று மணிக்கு விட்டு, பயிற்சி ஐந்தரைக்கு முடியும் பிள்ளைக்கு அக்டோபரில் வாரநாள் மாலை என்று ஒன்று மிச்சம் இல்லை. நவம்பரில் கேட்கவே வேண்டாம். சனி, ஞாயிறுதான் வழி. அந்த மாதங்களின் சனிக்கிழமைகளில் புகைப்படக்காரர்கள் கல்யாண வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் செவ்வாயோ புதனோ மாலை ஆறு மணிக்கு நிம்மதியாக எடுக்கலாம், பூங்காவிலும் கூட்டம் இருக்காது.

ஆறாம் படி: முகமும் முடியும் பல்லும்

பல்லில் கிளிப் போட்டிருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டில், கழற்ற உத்தேசமாக எந்த மாதம் என்று கேளுங்கள். செப்டம்பர் என்றால் வெளிப்படத்தைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளலாம். அடுத்த பிப்ரவரி என்றால் தள்ள வேண்டாம், கிளிப்போடு சிரிக்கட்டும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எடுத்த படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

முடிவெட்டு பத்து நாள் முன்னால். முந்தின நாள் வெட்டினால் காதோரம் வெள்ளைக்கோடு தெரியும். த்ரெடிங் நான்கைந்து நாள் முன்னால், சிவப்பு அடங்கட்டும். முகப்பருவுக்குப் புது க்ரீம் எதையும் அந்த இரண்டு வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றிரண்டு பருவைச் சீர்செய்யும்போது எடுத்துவிடுவார்கள். உரிந்த தோலைச் சரிசெய்வதுதான் கஷ்டம்.

கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். வெளியே போனால் கறுக்கும் டிரான்சிஷன் லென்ஸ் என்றால், வெளிப்படத்தில் கண் தெரியாமல் போய்விடும், வீட்டில் யாருக்கும் இது முன்கூட்டித் தோன்றாது. பழைய சாதாரண லென்ஸ் கண்ணாடி இருந்தால் எடுத்துப் போங்கள். கண்ணாடிக் கடையில் கேட்டால் அதே மாதிரி வெற்று ஃபிரேம் சில நாளுக்குத் தரும் இடங்களும் உண்டு.

புகைப்படக்காரரிடம் நாள் கொடுக்குமுன்

மழையோ புகையோ காய்ச்சலோ வந்தால் மாற்று நாளுக்குக் காசு கேட்பாரா? படங்கள் எத்தனை வாரத்தில் கைக்கு வரும், அந்தத் தேதியை ஒப்பந்தத்தில் எழுதித் தருவாரா? கட்டணத்தில் டிஜிட்டல் கோப்புகள் அடக்கமா, இல்லை படமெடுக்க ஒரு தொகை, கோப்புக்குத் தனித் தொகையா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். குறைந்த கட்டணம் என்று போய், ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் காசு கட்டி வருவார்கள். இடம் எது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். தாவரவியல் பூங்காக்கள், சில நகரப் பூங்காக்கள் படமெடுக்க அனுமதிச் சீட்டு கேட்கும், நாளும் நேரமும் குறித்துத்தான் கொடுக்கும். அதை யார் வாங்குவது என்று தெளிவாக இருக்கட்டும்.

எல்லாம் தவறிப்போனால்

அக்டோபர் வந்துவிட்டது, எதுவும் எடுக்கவில்லை. பதற வேண்டாம். ஒப்பந்த ஸ்டூடியோ பள்ளிக்கே வரும் நாளும், ரீடேக் நாளும் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் இருக்கும். பள்ளி அலுவலகத்தைவிட இயர்புக் பொறுப்பாசிரியரிடம் கேட்பது வேகம். கடைசித் தேதி உண்மையில் எது என்று அவருக்குத்தான் தெரியும். அந்த ஒரு படத்தை மட்டும் முடித்துவிட்டு, வெளிப்படத்தைக் கவலையில்லாமல் ஏப்ரலுக்குத் தள்ளிவிடுங்கள். விண்ணப்ப முடிவுகள் வந்திருக்கும், போகப்போகும் காலேஜின் ஸ்வெட்ஷர்ட்டோடு எடுக்கலாம். அறிவிப்பு அட்டைகளைப் பட்டமளிப்புக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் முன் அனுப்புவது வழக்கம். விழா ஜூன் முதல் வாரம் என்றால் ஏப்ரல் நடுவுக்குள் படம் எடுத்தால் அட்டை அச்சடித்து அனுப்ப நேரம் சரியாக இருக்கும். மே கடைசியிலேயே விழா நடக்கும் ஊர்களில் மார்ச்சுக்குள் முடியுங்கள்.

பட்டமளிப்புத் தொப்பியும் அங்கியும் போட்டு எடுக்கும் கேப் அண்ட் கவுன் படம் மட்டும் கோடையில் எடுத்திருந்தாலும் வசந்தத்தில் இன்னொரு தடவை எடுக்கச் சொல்வேன். கோடையில் ஸ்டூடியோ போட்டுவிடுவது அவர்களிடம் இருக்கும் பொதுக் கவுன். உங்கள் பள்ளியின் நிறமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிள்ளை நான்கு வருடம் உழைத்து வாங்கிய ஹானர் கார்டு என்னும் கழுத்துக் கயிறுகளும் ஸ்டோல் என்னும் தோள்துண்டும் ஏப்ரல், மே மாதத்தில்தான் கைக்கு வரும். அதற்குப் பெரிய புகைப்படக்காரர்கூட வேண்டாம். நல்ல ஃபோன் கேமராவும் சூரியன் சாயும் நேரமும் பள்ளிக்கூட வாசலும் போதும். கவுன் மடித்த பையிலிருந்து வரும்போது கட்டம் கட்டமாக மடிப்பு விழுந்திருக்கும், படத்தில் அது பளிச்சென்று தெரியும். பாலியெஸ்டர் என்பதால் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் இரவு ஹேங்கரில் மாட்டி, சுடுதண்ணீர் ஷவர் ஆவியில் கால் மணி நேரம் தொங்கவிட்டால் மடிப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும்.